கண்வலிக் கிழங்கைக் காட்டில் தோண்டாதீர்கள்

கலப்பைக் கிழங்கு, கார்த்திகைப் பூ, செங்காந்தள் என்று எந்தப் பேரில் சொன்னாலும் நம் மாநில மலரான கண்வலிக் கிழங்குச் செடிதான். முன்பு வேலிகளில் படர்ந்து கிடந்த கொடியை இப்போது தேடிப் பார்க்க வேண்டியிருக்கு. இதன் விதையில் உள்ள கோல்ச்சிசின் என்ற சத்தை மூட்டுவாத மருந்துக்கு எடுக்கிறார்கள். அதற்காகத் தோட்டம் போட்டவர்கள் பலர் நடுவதற்குக் காட்டுக் கிழங்கையே வாங்கினார்கள். விதையைப் பறித்தால் கொடி சாகாது. கிழங்கைத் தோண்டினால் அடியோடு போச்சு.

கிழங்கு கலப்பை மாதிரி வளைந்திருக்கும். முளை அதன் நுனியில்தான். அது ஒடிந்தால் கிழங்கு முளைக்காது. கடப்பாரை போட்டுத் தோண்டினால் முளை எங்கே தப்பும்? உங்கள் காசும் வீண், காட்டுச் செடியும் வீண்.

ஆகவே மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கம் ஏற்கெனவே பயிர் செய்கிறவர்களிடம் முளை பார்த்து வாங்குங்கள். தண்ணீர் தேங்காத நிலத்தில் ஆடி, ஆவணியில் நடலாம். பூவில் சூல்தண்டு பக்கவாட்டில் மடங்கி நிற்பதால் தானாகக் காய்ப்பது குறைவு. காலையில் மகரந்தத்தை எடுத்துச் சூல்முடியில் கையாலே தொட்டுவிடுங்கள். கூலி ஆகத்தான் செய்யும். விளைச்சலே அதில்தான் இருக்கு.

ஒன்று மறக்க வேண்டாம். செடி முழுக்க விஷம். வள்ளிக்கிழங்கு என்று நினைத்துத் தின்று உயிர் போனதுண்டு. கைவைத்தியம் கூடவே கூடாது. யாராவது தின்றுவிட்டால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். விதையைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

வேலியோரம் தானாக வந்த கொடியை வெட்டாதீங்க. கோடையில் காய்ந்து கிடந்தால் செத்துப்போச்சு என்று உழுதுவிடவும் வேண்டாம். கிழங்கு மண்ணுக்குள் இருக்கு, மழைக்குத் துளிர்க்கும்.