பெயருக்கும் ஒரு விலை

முன்னாளில் துணிக்கடையொன்றை விலைக்கு வாங்குவோர் கட்டடத்தையும், அலுமாரிகளையும், அவற்றில் அடுக்கிய சரக்கையும் கணக்கிட்டு விலை பேசினர். இந்நாளிலோ பெண்களின் ஆடைகளை இணையத்தின் வழியே விற்கும் சிறு வியாபாரங்கள் பல வீடுகளின் முன்னறைகளிலேயே நடைபெறுகின்றன, அவையும் கைமாறுகின்றன. கட்டடமில்லாத இக்கடையை வாங்குபவர் எதனை வாங்குகிறார்?

அமெரிக்காவில் நிகழ்ந்த ஒன்று இதற்கு விடை தருகின்றது. சோபியா அமொருசோ என்னும் இளம்பெண், 2006ஆம் ஆண்டில் 'ஈபே' என்னும் இணையச் சந்தையில் பழைய பாணி உடுப்புகளை விற்கத் தொடங்கினார். தம் வியாபாரத்துக்கு அவர் இட்ட பெயர் 'நாஸ்டி கால்'. பெருங் கம்பனியாக வளர்ந்த அது, 2016 நவம்பரில் கடன் சுமையால் நீதிமன்றத்தின் பாதுகாப்பை நாடியது. 2017இல் பிரித்தானியாவின் 'பூஹூ' கம்பனி 2 கோடி டொலர் கொடுத்து அதன் பெயரையும், பெயர் சார்ந்த உரிமைகளையும், வாடிக்கையாளர் விபரங்களையுமே வாங்கிற்று. கடைகளை அது வாங்கவில்லை.

ஆகவே, இத்தொழிலில் பெயரே பெருஞ் சொத்தாகும். ஆயினும் சிறு வியாபாரிகளின் பெயர் பெரும்பாலும் பிறர் நிலத்தில் கட்டிய குடிலைப் போன்றது. சான்றாக, கணக்குகளை விற்பதையும் வாங்குவதையும் 'இன்ஸ்டகிராம்' தன் விதிகளில் தடை செய்துள்ளது. நகையை ஈடுவைத்துத் திரட்டிய பணத்தை, பின்தொடர்வோரின் தொகையை மட்டும் நம்பிக் கொடுத்துவிட்டால், பின்னர் அக்கணக்கு முடக்கப்படும்போது கையில் எஞ்சுவது என்ன?

வாங்க விரும்புவோர் சில காரியங்களைக் கவனித்தல் வேண்டும். சொல்லப்படும் விற்பனையை வங்கிக் கணக்குடன் ஒப்பிட்டு நோக்குக. திருப்பி அனுப்பப்பட்ட உடுப்புகளையும், அளவு பொருந்தாமல் தேங்கிய சரக்கையும் கழித்தே இலாபத்தை மதிப்பிடுக. துணி தருவோரும் தைப்போரும் புதியவருக்கும் அதே விலையில் உதவுவரா என நேரிற் கேட்டறிக. விற்றவரே மறுமாதம் வேறொரு பெயரில் அதே வியாபாரத்தைத் தொடங்காதிருக்க எழுத்தில் உடன்பாடு செய்துகொள்க.

விற்போருக்கும் நாம் கூறுவது ஒன்றுண்டு. முதல் நாள் தொட்டு வரவு செலவை ஒழுங்காக எழுதி வைத்தவரே நல்ல விலை கேட்கும் தகுதியுடையவர். சொன்ன துணியைச் சொன்ன நாளில் அனுப்பிய நேர்மைதான் அந்தப் பெயருக்கு மதிப்பைத் தந்தது. பெயரை விலைக்கு வாங்கலாம். அந்த நேர்மையையோ வாங்கியவர் தாமே தொடர்ந்து காத்தல் வேண்டும்.