மீனவர் ஊர்ப் பஞ்சாயத்து

மீனவர் ஊர்ப் பஞ்சாயத்து என்பது சோழமண்டலக் கடற்கரை மீனவக் கிராமங்களில் வழக்காற்றுச் சட்டத்தின்படி நீதியும் நிர்வாகமும் நடத்தும் ஊர் அமைப்பு ஆகும். அரசு தேர்தல் நடத்தி அமைக்கும் ஊராட்சி மன்றம் வேறு, இது வேறு. கடலூர் நகரை ஒட்டிய தேவனாம்பட்டினம் போன்ற பட்டினவர் சமூக ஊர்களில் இவ்வமைப்பு இன்றும் செயல்படுகிறது.

அமைப்பு

பஞ்சாயத்தாரை நாட்டார் என்றும் அழைப்பர். முன்பு பரம்பரையாக வந்த இப்பொறுப்புக்கு இப்போது பல ஊர்களில் ஊர்க்கூட்டமே ஆட்களைத் தேர்ந்தெடுக்கிறது. திருமணமான ஆண் ஒவ்வொருவரும் ஒரு தலைக்கட்டாகக் கணக்கிடப்பட்டு வரி செலுத்துவார். கோயில் திருவிழா, பொதுச் செலவு, வழக்குச் செலவு ஆகியவை இவ்வரியிலிருந்து நடக்கும். ஓர் ஊரில் தீராத வழக்கும், இரண்டு ஊர்களுக்கு இடையிலான வழக்கும் தலைமைக் கிராமத்துக்குச் செல்லும். மயிலாடுதுறை மாவட்டத்தில் தரங்கம்பாடி அத்தகைய தலைமைக் கிராமமாகும்.

கடல் பற்றிய விதிகள்

குடும்பச் சண்டை, கடன், அடிதடி ஆகியவற்றோடு மீன்பிடி முறைகளையும் பஞ்சாயத்து ஒழுங்குபடுத்துகிறது. ஒரு புதிய வலை மீன்வளத்தைக் கெடுக்கிறது என்றோ, பெரும்பாலோரின் பிழைப்பைப் பாதிக்கிறது என்றோ ஊர் கருதினால் அதற்குத் தடை விதிக்கும். நெதர்லாந்து ஆய்வாளர் மார்ட்டன் பாவிங்க் 2001-இல் வெளியிட்ட நூலில் இவ்விதிகளை விரிவாகப் பதிவு செய்துள்ளார். பழவேற்காடு ஏரியில் வலை கட்டும் இடத்தை முறைவைத்துப் பகிரும் ‘பாடு’ வழக்கமும் இவ்வகையைச் சேர்ந்தது. பிரான்சின் மத்திய தரைக்கடல் துறைமுகங்களிலும் மீனவர்களே தேர்ந்தெடுக்கும் பழைய மீனவர் மன்றங்கள் உள்ளன.

தண்டனை

பெரும்பாலான குற்றங்களுக்குத் தண்டம் எனப்படும் அபராதமே தண்டனை. மன்னிப்புக் கேட்டால் தொகை குறைக்கப்படுவதும் உண்டு. பகையை வளர்க்காமல் இருவரையும் மீண்டும் ஒரே கரையில் தொழில் செய்ய வைப்பதே நோக்கம். கட்டுப்படாதவரைத் தொழிலுக்குச் செல்ல விடாமல் நிறுத்துவதும், ஊரைவிட்டு ஒதுக்கி வைப்பதும் கடும் தண்டனைகள். படகைத் தள்ளவும் வலை இழுக்கவும் பிறர் கை தேவைப்படும் தொழிலில், ஒதுக்கப்பட்ட குடும்பம் பிழைப்பையே இழக்கும்.

ஆழிப்பேரலைக்குப் பின்

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு பாதிக்கப்பட்ட குடும்பங்களைப் பட்டியலிட்டதிலும், நிவாரணப் பொருட்களைப் பங்கிட்டதிலும் பஞ்சாயத்துகள் பெரும்பங்கு வகித்தன. ஊரை அறிந்தவர்கள் என்பதால் வேலை விரைந்து நடந்தது. ஆனால் தலைக்கட்டு கணக்கில் ஆண் பெயரே இடம்பெற்றதால், கைம்பெண்கள் முதலிய பெண்கள் நடத்தும் குடும்பங்கள் பல இடங்களில் விடுபட்டன. கரையில் மீன் விற்றுக் குடும்பத்தைத் தாங்கும் பெண்களுக்குப் பஞ்சாயத்தில் இடமில்லை என்பது இன்றும் இதன் பெருங்குறை.

அரசுச் சட்டமும் ஊர்ச் சட்டமும்

தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் 1983-இல் இயற்றப்பட்டது. கரையை ஒட்டிய கடல் பகுதி அதன்படி பாரம்பரிய மீனவருக்கு உரியது. 2000-இல் அரசு சுருக்குமடி வலையைத் தடை செய்தது. தேவனாம்பட்டினம் உள்ளிட்ட ஊர்களின் மீனவர் பலர் இவ்வலைக்கு அனுமதி கேட்டுப் போராடினர். வேறு ஊர்கள் தடை நீடிக்க வேண்டும் என்றன. ஊருக்குள் பேசித் தீர்க்கும் பஞ்சாயத்தால், ஊர்களே இரண்டாகப் பிரிந்த இவ்வழக்கைத் தீர்க்க முடியவில்லை. இறுதியில் 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், 12 கடல் மைலுக்கு அப்பால் திங்கள், வியாழன் ஆகிய இரு நாட்களில் மட்டும் நிபந்தனைகளுடன் அனுமதி அளித்து இடைக்கால ஆணை பிறப்பித்தது.

கட்டப் பஞ்சாயத்து சட்டவிரோதமானது என்று உச்ச நீதிமன்றம் 2011-இல் கூறியுள்ளது. எனவே ஊர் விலக்கமோ, கட்டாய அபராதமோ சட்டத்தின் முன் நில்லாது. பாதிக்கப்பட்டவர் காவல்துறையையும் நீதிமன்றத்தையும் நாடலாம். இருதரப்பும் மனமொப்பி ஏற்கும் சமரசத்துக்குச் சட்டத்தில் தடையில்லை. கடலைக் காக்கும் விதிகளை வைத்துக்கொண்டு, விலக்கி வைக்கும் வழக்கத்தைக் கைவிடுவதும், பெண்களுக்கு இடமளிப்பதும் இவ்வமைப்பின் முன் நிற்கும் கேள்விகளாகும்.