சிறு பவளத் தொட்டிக்கு ஏற்ற மீன் எது?

கடலின் அடியிலுள்ள அழகைக் கரையிலிருந்தபடியே காணவேண்டுமென்னும் ஆவல் மக்களுக்கு நெடுநாளாக உண்டு. ஆயினும் அது கைகூடியது அண்மைக் காலத்தேயாம். 1850-ஆம் ஆண்டில் இராபர்ட்டு வாரிங்டன் என்னும் ஆங்கில இரசாயன நூலார், நீர்ச்செடியும் மீனும் ஒரே தொட்டியில் ஒன்றற்கொன்று துணையாய் வாழுமாற்றைச் சோதித்து வெளியிட்டார். 1853-இல் இலண்டன் மிருகக்காட்சிச் சாலையிற் பொதுமக்கள் காணத்தக்க மீன் மனை திறக்கப்பெற்றது. சென்னைக் கடற்கரையிலும் 1909-இல் அத்தகைய காட்சிச்சாலை ஒன்று ஏற்பட்டு, இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் மூடப்பட்டது. இக்காலத்திலோ, மாணவரொருவர் தம் மேசையின்மீதே 80 லிட்டர் உப்புநீரிற் சிறு கடலொன்றை அமைத்துக்கொள்ளுதல் கூடும். அங்ஙனம் அமைத்தவர் முதலிற் கேட்கும் கேள்வி, "கண்ணுக்கு இனிய நிறமும், பிறவற்றைத் துன்புறுத்தாத குணமும் உடைய மீன் எது?" என்பதாம். அதனையே ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

இவ்வாராய்ச்சி வெறும் பொழுதுபோக்கன்று. தவறாகத் தேர்ந்தால் நட்டமடைவது நம் பணப்பை மட்டுமன்று. ஓர் உயிரும் மாளும் என்பதை நினைவிற் கொள்க.

முதற்கண், சிறு தொட்டியின் இயல்பை அறிதல் வேண்டும். பெரிய தொட்டியைக் காட்டினும் சிறிய தொட்டியைக் காத்தல் எளிதென்று பலர் எண்ணுவர். உண்மை அதற்கு மாறானது. நீர் குறைவாயின் அதன் வெப்பமும் உப்பும் விரைவில் மாறும். பவளப்பாறைக் கடலில் ஒரு லிட்டர் நீருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு உண்டு. தொட்டியிலிருந்து நீர் ஆவியாகுங்கால் உப்பு ஆவியாவதில்லை. ஆதலின் நாடோறும் குறைந்த அளவுக்கு நன்னீர் வார்த்து ஈடுசெய்யவேண்டும். அன்றியும், மீனின் கழிவினின்று பிறக்கும் அம்மோனியா நஞ்சாம். பாறையிலும் மணலிலும் வாழும் நுண்ணுயிர்கள் அதனை நைட்ரைட்டாகவும், பின்னர்த் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. அந்நுண்ணுயிர்கள் பெருகுதற்குப் பெரும்பாலும் நான்கு முதல் ஆறு வாரங்கள் செல்லும். அதுகாறும் தொட்டியில் மீன் விடாமற் பொறுத்திருத்தலே முதற்பாடம்.

இரண்டாவது, கடலில் இரு மீன்கள் பொருதால், தோற்றது ஓடிப்போகும். போர் அத்துடன் முடியும். கண்ணாடிச் சுவர்களுள் ஓடுதற்கு இடம் ஏது? தோற்ற மீன் மீண்டும் மீண்டும் துரத்தப்பட்டு, உணவு உண்ணாது, ஒரு மூலையில் ஒடுங்கி மாயும். ஆதலின் சிறு தொட்டிக்கு மீன் தேடுவோர் குணத்தை முதலிலும், நிறத்தை அதன் பின்னும் நோக்கல் வேண்டும்.

நிறத்திற்கும் குணத்திற்கும் தொடர்புண்டோ எனின், உண்டென்று கொன்ராட் லோரென்ஸ் என்னும் விலங்கு நூலறிஞர் 1963-இல் வெளியிட்ட தம் நூலிற் கூறினார். பவளப்பாறை மீன்களின் பளிச்சென்ற வண்ணம், "இவ்விடம் என்னுடையது" என்று தன் இனத்திற்கு அறிவிக்கும் கொடி போன்றதென்பது அவர் கருத்து. பின்வந்தோர் இதனை முழுவதும் ஏற்றிலர். எனினும், பகட்டான நிறமுடைய மீன்கள் பல தம் இனத்தோடு பகைகொள்ளுதல் கண்கூடு. ஆதலின், சிறு தொட்டியில் இத்தகையவற்றுள் ஓரினத்திற்கு ஒன்று என்பதைப் பொதுவிதியாகக் கொள்ளலாம். இணையாய் வாழும் இயல்பினவே அவ்விதிக்கு விலக்காம்.

இனி, தவிர்க்கத்தக்கன இரண்டைக் கூறுவாம்.

முதலாவது, நீல டாம்சல் மீன். வானத்தின் ஒரு துண்டு நீரில் நீந்துவது போன்ற நிறமுடையது, விலையும் குறைவு, எளிதில் இறவாதது. இக்காரணங்களால் முதன்முதல் மீன் வாங்குவோர் பலர் இதனையே வாங்குவர். ஆனால், சில கிழமைகளில் தொட்டி முழுவதையும் தன் ஆட்சிக்குள் கொணர்ந்து, பின்னர் வரும் மென்மையான மீன்களைத் துரத்திக் கடிக்கும். பாறைகளையெல்லாம் வெளியே எடுத்தாலன்றி இதனைப் பிடித்தலும் அரிது.

இரண்டாவது, மாண்டரின் மீன். நீலமும் செம்மஞ்சளும் கோலமிட்டாற்போல் அமைந்த இதன் அழகுக்கு ஈடு சொல்லுதல் அரிது. மீன்கள் பலவற்றில் நீலம் ஒளிச்சிதறலால் தோன்றும் தோற்றமே. இம்மீனிலோ நீலம் உண்மையான நிறமியால் அமைந்ததாகும். குணமும் சாந்தம். அங்ஙனமாயின் குறை யாதெனின், உணவேயாம். இது பாறையில் ஊரும் மிகச்சிறு ஓட்டுடலிகளை நாள் முழுதும் கொத்தித் தின்று வாழ்வது. கடைகளில் விற்கும் உலர்ந்த உணவைப் பெரும்பாலும் தொடாது. சிறு தொட்டியில் அவ்வுயிர்கள் விரைவில் தீர்ந்துபோம். பின்னர் இம்மீன் சில வாரங்களில் வயிறு ஒட்டிப் பட்டினியால் மடியும். யாரும் அடிக்காமல், யாதொரு நோயுமின்றி, அழகிய கண்ணாடி மாளிகையுள் பசியால் இறக்கும் உயிரை எண்ணுங்கால் நெஞ்சம் வருந்துமன்றோ? சாந்தமும் அழகும் மட்டும் போதா, அதன் உணவை நாம் அளிக்க வல்லமோ என்பதும் வேண்டும் என்னும் உண்மையை மாண்டரின் நமக்குக் கற்பிக்கின்றது.

நிற்க. ஏற்றன எவை?

கோமாளி மீன்களுள் ஓசெல்லாரிஸ் என்னும் இனம் பிறவற்றைக் காட்டினும் அடக்கமானது. செம்மஞ்சள் உடலில் மூன்று வெண்பட்டைகள் உடையது. பிறக்குங்கால் எல்லாம் ஆண் தன்மையே உடையனவாய், கூட்டத்திற் பெரியது பெண்ணாக மாறுதல் இதன் வியத்தகு இயல்பு. ஆதலின் இளமீன்கள் இரண்டை ஒருங்கே விட்டால் அவையே இணையாய் அமைந்துவிடும். கடற்சாமந்தி இன்றியமையாததன்று, அதற்கு வலிய ஒளியும் முதிர்ந்த தொட்டியும் வேண்டுமாதலின், தொடக்கத்தில் அதனை விடுதலே நன்று. கோமாளி மீன்களை வளர்ப்பிலேயே குஞ்சு பொரிக்கச் செய்யும் முறை உலகெங்கும் பரவியுள்ளது. நம் நாட்டில் மண்டபத்திலுள்ள மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தாரும் அதிற் பயன் கண்டுள்ளனர். வளர்ப்பிற் பிறந்த மீன், தொட்டி வாழ்வுக்குப் பழகியது. அதனை வாங்குதலாற் கடலுக்கும் இழப்பில்லை.

கரீபியன் கடலில் வாழும் ராயல் கிராமா என்பது முன்பாதி ஊதாவும் பின்பாதி மஞ்சளுமாய் ஏறக்குறைய 8 செண்டிமீட்டர் வளர்வது. பாறைக் குகையின் கூரையைத் தரையெனக் கொண்டு தலைகீழாய் நீந்தும். தன் குகையை அணுகும் மீனுக்கு வாயை அகலத் திறந்து காட்டி வெருட்டுமேயன்றி, பெரும்பாலும் கடிப்பதில்லை. ஒன்று மட்டும் வைத்தல் வேண்டும்.

இந்தோனேசியாவின் பாங்காய்த் தீவுகளையொட்டி வாழும் பாங்காய்க் கார்டினல், வெள்ளி உடலிற் கரும்பட்டைகள் உடையது. ஆண்மீன் முட்டைகளையும் குஞ்சுகளையும் வாயிற் சுமந்து காக்கும். குஞ்சுகள் கடலிற் பரந்து செல்லாமையால், ஓரிடத்திற் பிடித்து ஒழித்தால் அவ்விடத்தில் மீண்டும் தோன்றுதல் அரிது. மிகுதியாகப் பிடிக்கப்பட்டமையின், 2007-இல் இது அழியும் நிலையிலுள்ள உயிர்களின் செம்பட்டியலிற் சேர்க்கப்பெற்றது. வளர்ப்பிற் பிறந்ததாயினன்றி இதனை வாங்கலாகாது.

இறுதியாக, தீமீன் எனத்தகும் ஃபயர்பிஷ். முன்னுடல் வெண்மையும் இளமஞ்சளுமாய்த் தொடங்கி, வால்நோக்கிச் செந்தழலாய் முடியும். முதுகில் நீண்ட முள்ளொன்றைக் கொடிபோல் அசைத்தபடி நீரோட்டத்தை நோக்கி அசையாது நிற்கும். அச்சமுற்றால் நொடியில் வளையுட் புகும். பொடியாக நறுக்கிய இறாலையும் சிறுமணி உணவையும் ஏற்கும். பவளத்தையோ பிற மீனையோ தீண்டாது. குறை ஒன்றே: வெருண்டால் தொட்டிக்கு வெளியே பாயும். வலைமூடி ஒன்று இட்டால் அக்குறையும் நீங்கும். ஆதலின், சாந்தம், நிறம், உணவு, அளவு ஆகிய நான்கையும் சீர்தூக்கின், சிறு தொட்டிக்கு இதனையே முதலிற் கூறுவோம். கூச்சமுடையதாதலின் இதனை முதலில் விட்டு, அது வளை தேடி நிலைத்தபின் கோமாளி இணையையோ கிராமாவையோ விடுக. முறை மாறின் பின்வந்தது ஒளிந்தே கிடக்கும்.

கடையில் வாங்குமுன் அம்மீன் உணவு உண்பதைக் கண்ணாற் காண்க. சில நாடுகளில் சயனைடு நஞ்சைப் பாறையிடுக்கிற் பீச்சி மீன்களை மயக்கிப் பிடிக்கும் கொடிய வழக்கம் உண்டு. அங்ஙனம் பிடிபட்டவை வெளிக்கு நன்றாய்த் தோன்றிச் சில நாட்களில் மடியும்; பாறையிலுள்ள பவளமும் உடன் அழியும்.

நம் கரையோரத்தார் அறியவேண்டுவது மற்றொன்றுண்டு. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986-இல் கடல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பெற்றன. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையிற் பவளங்கள் 2001-இல் சேர்க்கப்பெற்றன. எனவே, அங்கிருந்து பவளத்தைப் பெயர்த்து வருதல் குற்றமாம். சுட்ட மண்ணாலோ சிமிட்டியாலோ செய்த பாறையே நம் தொட்டிக்குப் போதும். குகையும் இடுக்கும் இருந்தால் மீன் அதனைக் குறை கூறாது.

மீன் நம்மைத் தேர்ந்து நம்மிடம் வருவதில்லை. நாமே அதனைத் தேர்ந்து கொணர்கின்றோம். அதன் உணவும், இடமும், அச்சமும், அமைதியும் நம் பொறுப்பாகின்றன. இதனை உணர்ந்து, கடைக்குச் செல்லுமுன்னரே தேர்ந்து முடிப்பவருடைய தொட்டியில் ஒரு மீனே இருப்பினும், அது பல்லாண்டு உயிரோடு விளங்கும்.