முழங்கால் தூக்கி மூச்சுவிடும் மரங்கள்

திருவனந்தபுரத்திலிருந்து செங்கோட்டைக்குப் போகும் சாலையில் பாலோடு, மடத்தறை தாண்டினால் அரிப்பா. அங்கிருந்து குளத்தூப்புழா, செந்துருணி வரை, நீர் வற்றாத பள்ளத்தாக்குகளின் அடியில் ஜாதிக்காய்க் குடும்பத்து மரங்களின் சதுப்புக்காடுகள் சிதறிக் கிடக்கின்றன. 1960-இல் கிருஷ்ணமூர்த்தி என்பவர் இவற்றைப் பற்றி எழுதினார். பின்னாளில் கேரள வன ஆராய்ச்சி நிறுவனம் கணக்கெடுத்தபோது தேறியவை 60 துண்டுகள். எல்லாம் சேர்த்தும் சுமார் 150 ஹெக்டேர்தான்.

நீர் ஊறிய சேற்றில் ஆக்சிஜன் அரிது. ஆகவே உண்டப்பயின் மரத்தின் வேர் சேற்றைவிட்டு மேலெழுந்து, முழங்கால்போல் மடங்கி, மறுபடி மண்ணுக்குள் இறங்குகிறது. அந்த மடிப்பின் வழியே மூச்சு. கொத்தப்பயின் மரமோ ஊன்றுவேர்களில் நிற்கிறது. வேரைத் திணறடிக்கும் அதே ஆக்சிஜன் குறைதான் உதிர்ந்த இலையையும் எளிதில் மட்கவிடாமல் காக்கிறது. இலை காற்றிலிருந்து வாங்கிய கார்பன் சேற்றிலேயே தங்கிவிடுகிறது.

முழுதும் மட்காத தாவரங்கள் படிந்து உருவான உலகின் பீட் நிலங்கள் இந்த வேலையைப் பல ஆயிரம் ஆண்டுகளாகச் செய்தவை. நிலப்பரப்பில் அவை 3 சதவீதம்தான். ஆனால் உலகத்துக் காட்டுமரங்கள் அனைத்தும் தாங்கியிருப்பதைவிட அதிகக் கார்பன் அவற்றில் இருக்கிறது. நம் சதுப்புகளில் அவ்வளவு ஆழமான பீட் கிடையாது. ஆனாலும் நீரை வடித்தால் நடப்பது ஒன்றுதான்: காற்று புகும், நுண்ணுயிர்கள் விழிக்கும், சேர்த்த கார்பன் வாயுவாகக் கிளம்பும்.

வற்றாத நீரும் சமதளமும் நெல்லுக்கும் பிடித்தவை. அதனால் பல சதுப்புகள் ஏலாக்கள் எனப்படும் நெல்வயல்களாயின. சில பாக்குத் தோட்டங்களாயின. சோறு தேடியவர்களை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் இன்று தரிசாகக் கிடக்கும் காட்டோர ஏலாக்களைச் சதுப்புக்கே திருப்பித் தரலாம் என்று உறுதியாக நம்புகிறேன்.

அதற்கு முதல் வேலை மரம் நடுவதல்ல, வடிகாலை அடைப்பது. 2015-இல் பீட் நிலங்களில் பரவிய பெருந்தீக்குப் பிறகு இந்தோனேசியா அவற்றை மீட்கத் தனி அமைப்பையே உருவாக்கி, கால்வாய்களை மறித்து நீரைத் தேக்கத் தொடங்கியது.

நீர் திரும்பினாலும் மரம் தானாக வந்துவிடாது. இச்சதுப்பு மரங்களின் விதை காய்ந்தால் செத்துப்போகும். சேமித்து வைக்க வழியில்லை. காட்டில் இருவாச்சிப் பறவைகள் அதைச் சுமந்து பரப்புகின்றன. இருவாச்சி வராத இடத்தில் நாம்தான் பொறுக்கி, ஈரம் உலராமல் நாற்றங்காலுக்குக் கொண்டுபோக வேண்டும். கர்நாடகத்தில் சிர்சி வனவியல் கல்லூரி ஆய்வாளர்கள் அருகிவரும் சதுப்பு மரங்களை இப்படி நாற்றாக வளர்த்து நட்டிருக்கிறார்கள்.

இன்னொரு சிக்கலும் உண்டு. இம்மரங்களில் ஆண் வேறு, பெண் வேறு. எது எது என்று பூக்கும்வரை தெரியாது. ஆகவே தேவைக்கு மேலாகவே நட்டுவிட்டு, பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டும்.