நீர் எழுதிய நிலம்

நுழையும்முன்

மேடு, பள்ளம், ஓடை, ஏரி, காடு என ஒவ்வொரு நிலத்தோற்றத்திற்கும் ஒரு வரலாறு உண்டு. அதனை அறிந்து நோக்குபவருக்குப் பழகிய காட்சியும் புதிய பொருள் தரும். விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டத்திலுள்ள குயிலாப்பாளையத்தையும் அதன் சுற்றுப்புறத்தையும் அவ்வாறு நோக்குகிறது இப்பாடப்பகுதி.

செம்மண் பள்ளங்கள்

புதுச்சேரிக்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து மேற்காகப் பிரியும் சாலை மெல்ல மேடேறுகிறது. அம்மேட்டின் சரிவில், ஆரோவில் நகரையொட்டி அமைந்திருப்பது குயிலாப்பாளையம். முந்திரித் தோப்புகளும் பனை வரிசைகளும் செம்மண் பாதைகளும் நிறைந்த இவ்வூர்ப்பக்கம், ஓய்வையும் உடல்நலத்தையும் நாடி வருவோர் பலர். அவர்கள் தவறாமல் கண்டு செல்ல விரும்பும் காட்சி, மேட்டுநிலத்தைப் பிளந்து செல்லும் செம்மண் பள்ளங்களாகும். ஓராள் உயரத்தையும் மிஞ்சி எழும் மண்சுவர்களில் சிவப்பும் காவியும் மஞ்சளும் வெண்மையும் அடுக்கடுக்காகத் தோன்றும். மாலை வெயில் படும்போது அவை தீப்போல ஒளிரும்.

பள்ளத்தின் விளிம்பில் நிலம் வைத்திருக்கும் உழவருக்கோ அக்காட்சி வேறு செய்தி கூறும். பள்ளம் ஒவ்வொரு மழைக்காலத்திலும் சற்றே அகலும், வரப்பு சரியும், விளிம்பில் நின்ற மரத்தின் வேர் வெளியே தொங்கும். காண்போரைக் கவரும் அச்சுவர், மண் இழந்த நிலத்தின் காயமாகும்.

பள்ளம் தோன்றும் முறை

கடலிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் உள்ள இம்மேட்டுநிலம், கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 50 மீட்டர் வரை உயர்கிறது. மண்ணில் கலந்துள்ள இரும்புச் சேர்மங்களே அதன் செந்நிறத்திற்குக் காரணம். ஆண்டு மழையின் பெரும்பகுதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில் சில நாள்களில் கொட்டித் தீர்ந்துவிடுகிறது.

ஓர் ஏக்கர் நிலத்தில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால், அங்கு விழும் நீரின் அளவு ஏறத்தாழ 40,000 லிட்டர். மரமும் புல்லும் மூடிய நிலத்தில் இலைகள் மழைத்துளியின் வேகத்தைத் தணிக்கின்றன. சருகுகள் நீரைத் தேக்குகின்றன. வேர்கள் அது மண்ணுள் இறங்க வழிவிடுகின்றன. வெற்று நிலத்திலோ துளிகள் நேராக மோதி மண்துகள்களைப் பிரிக்கின்றன. நுண்துகள்கள் மண்ணின் துளைகளை அடைக்க, மேற்பரப்பு இறுகுகிறது. உள்ளிறங்க இயலாத நீர் சரிவை நோக்கி ஓடுகிறது. விரலளவுக் கீறல் வாய்க்காலாகிறது, வாய்க்கால் பள்ளமாகிறது. பள்ளத்தின் தலைப்பகுதி ஒவ்வொரு மழைக்கும் இடிந்து, மேட்டை நோக்கிப் பின்வாங்கிக்கொண்டே செல்கிறது.

கட்டட மரத்திற்காகவும் விறகிற்காகவும் வேளாண்மைக்காகவும் இப்பகுதியின் பழங்காடு அழிக்கப்பட்டது. எஞ்சிய புதர்களும் கட்டற்ற மேய்ச்சலால் குறைந்தன. காட்டின் கூரையை இழந்த மண் மழையின் போக்கில் கரைந்தது.

கல்லாகிய மரங்கள்

இழந்த மண்ணின் மதிப்பை அறிய, இதே வட்டத்திலுள்ள திருவக்கரைக்குச் செல்ல வேண்டும். அங்குள்ள கல்மரப் பூங்காவை இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை தேசியப் புவியியல் நினைவுச்சின்னமாகப் பாதுகாக்கிறது. அங்குக் கிடக்கும் அடிமரங்களில் பட்டையின் வரிகளும் உள்வளையங்களும் தெளிவாகத் தெரியும், தொட்டால் கல். ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகளுக்கு முன் மணலில் புதைந்த மரங்கள் அவை. நிலத்தடி நீரில் கரைந்திருந்த சிலிக்கா, மரத்தின் திசுக்களில் சிறிது சிறிதாகப் படிந்து, அவற்றின் வடிவம் மாறாமல் கல்லாக்கியது. கிளையும் இலையும் வேரும் இன்றி அடிமரங்களாகவே அவை கிடைப்பதால், வேறிடத்தில் வளர்ந்து பெருவெள்ளத்தால் அடித்துவரப்பட்டவை எனப் புவியியலார் கருதுகின்றனர்.

மரங்களைப் புதைத்த மணற்பாறை, கடலூர் மணற்பாறை எனப்படும். குயிலாப்பாளையத்தின் செம்மண் மேடும் அப்பாறைத் தொகுதியைச் சேர்ந்ததே. பழங்காலத்தில் நீர் கொணர்ந்து சேர்த்த மணலை இன்று நீரே அரித்துச் செல்கிறது. சேர்ந்த காலத்தைக் கோடி ஆண்டுகளில் எண்ணுகிறோம். காடு நீங்கியபின் அரித்த காலத்தையோ மனிதத் தலைமுறைகளில் எண்ணிவிடலாம்.

தெரிந்து தெளிவோம்

1968 பிப்ரவரி 28 அன்று ஆரோவில் தொடக்க விழாவில், 124 நாடுகளின் சார்பாளர்கள் தத்தம் நாட்டு மண்ணைக் கொணர்ந்து தாமரை மொட்டு வடிவக் கலசத்தில் இட்டனர். உலகின் மண் வந்து சேர்ந்த அம்மேட்டுநிலத்தின் மண்ணோ அப்போது ஒவ்வொரு மழையிலும் கடலுக்குச் சென்றுகொண்டிருந்தது.

காடு மீண்ட வழி

அம்மேட்டுநிலத்தில் குடியேறியோரும் சுற்றுப்புறச் சிற்றூர்களின் தொழிலாளர்களும் மேற்கொண்ட முதற்பணி நீரை நிறுத்துவதாக இருந்தது. வயலைச் சுற்றி மண்கரைகள் எழுப்பப்பட்டன, பள்ளங்களின் குறுக்கே தடுப்பணைகள் கட்டப்பட்டன, குட்டைகள் வெட்டப்பட்டன. பின்னரே மரம் நடுதல் தொடர்ந்தது. வறண்ட மண்ணிலும் விரைந்து வளரும் ஆஸ்திரேலிய வேல மரம் போன்றவை முதலில் நடப்பட்டன. அவற்றின் நிழலில் சருகு மட்கி, மண் மென்மையான பிறகு இந்நிலத்திற்குரிய மரங்கள் இடம்பெற்றன.

சோழமண்டலக் கடற்கரைக்குரிய இயற்கைக் காடு, வெப்பமண்டல வறண்ட பசுமைமாறாக் காடு எனப்படும். கோடையிலும் இலை முழுதும் உதிர்க்காத வீரை, காயா, உலக்கைப்பாலை, கருங்காலி முதலியன அதன் மரங்கள். பெரும்பாலும் அழிந்துபோன அக்காடு, கோயிற்காடுகளில் சிறு திட்டுகளாக எஞ்சியிருந்தது. கிழக்குக் கடற்கரைச் சாலையையொட்டிய கீழ்ப்புத்துப்பட்டு அய்யனார் கோயிற்காடு அவற்றுள் ஒன்று. தெய்வத்திற்குரிய மரத்தை வெட்டலாகாது என்னும் ஊராரின் கட்டுப்பாடு, பல தலைமுறைகளாக ஒரு விதைக்களஞ்சியத்தைக் காத்துவந்தது. இத்தகைய கோயிற்காடுகளில் திரட்டிய விதைகள் புதிய காட்டிற்கு வித்தாயின.

மேட்டிலிருந்து கழுவெளி வரை

மேட்டின் கிழக்குச் சரிவில் ஓடும் நீர் பொம்மையார்பாளையம் பக்கமாகக் கடலைச் சேர்கிறது. வடக்கிலும் வடமேற்கிலும் பரந்துள்ள தாழ்நிலத்தின் ஏரிகள் ஒன்றன் கலங்கலிலிருந்து மற்றொன்றிற்கு நீரனுப்பி, இறுதியில் கழுவெளியைச் சேர்கின்றன. மரக்காணத்திற்கருகே கழிமுகம் வழியாகக் கடலுடன் இணையும் உவர்நீர்ச் சதுப்புநிலம் அது. வலசைப் பறவைகள் வந்து தங்கும் அந்நிலத்தைத் தமிழ்நாடு அரசு 2021ஆம் ஆண்டில் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. அதன் பரப்பு ஏறத்தாழ 5,151 ஹெக்டேர்.

பத்துப்பாட்டுள் ஒன்றான சிறுபாணாற்றுப்படையின் தலைவன் நல்லியக்கோடன் ஆண்ட ஓய்மானாடு இப்பகுதியே. அந்நூல் காட்டும் எயிற்பட்டினத்தை இன்றைய மரக்காணமாகவும், கிடங்கிலைத் திண்டிவனத்தின் பகுதியாகவும் அறிஞர் கொள்வர். நெய்தலும் முல்லையும் மருதமும் அடுத்தடுத்து வரும் பாணனின் வழியை, நிலத்தை அறிந்தே புலவர் அமைத்துள்ளார். நிலங்களை இணைப்பது நீர். மேட்டில் கரையும் மண் தாழ்நில ஏரியில் வண்டலாகப் படிந்து அதன் கொள்ளளவைக் குறைக்கும். மேட்டில் இறங்காத மழை கிணற்றில் ஊறாது. ஊறுவதைவிட மிகுதியாக ஆழ்துளைக் கிணறுகள் இறைத்தால், கடற்கரையோர நன்னீர் குறைந்து உவர்நீர் உட்புகும்.

காட்சியா, காப்பா?

தடுப்பணை கட்டிய பள்ளத்தில் வண்டல் படியும்; புல் முளைக்கும்; செஞ்சுவர் மெல்லத் தாழ்ந்து பசுமைக்குள் மறையும். சுவரின் அழகைக் காண வந்தவருக்கு அஃது இழப்பாகத் தோன்றலாம். கீழ்ப்பகுதிக் கிணற்றை நம்பி வாழ்பவருக்கு அதுவே வாழ்வு. எஞ்சிய பள்ளங்களைக் காணச் செல்வோர் விளிம்பில் ஏறாமலும் சரிவில் ஊர்தி ஓட்டாமலும் இருந்தாலே மண்சரிவு ஓரளவு குறையும்.

இவ்வுண்மையை அறியப் பெருங்கருவி எதுவும் வேண்டா. ஐப்பசி மழை ஓய்ந்தவுடன் ஓடைநீரை ஒரு கண்ணாடிக் குவளையில் முகந்து பார்த்தால் போதும். நீர் செந்நிறமாயின் மேட்டில் எங்கோ ஒரு நிலம் கரைகிறது; தெளிந்திருப்பின் அங்கே வேரும் வரப்பும் மண்ணைக் காக்கின்றன. குயிலாப்பாளையத்திற்கு மட்டுமன்றி, மழை பெய்யும் எவ்வூருக்கும் இச்சோதனை பொருந்தும்.