குப்பை லோரி வராவிட்டால் யாரைக் கேட்பது?

தோட்டத்து லயத்தில் இருந்தவரை குப்பையைப் பற்றி நாம் அதிகம் யோசித்ததில்லை. வீட்டுக்குப் பின்னால் ஒரு குழி. நிரம்பினால் மண்ணைத் தள்ளி மூடுவோம், இல்லையேல் சருகோடு கொளுத்துவோம். சாக்கடை நாறினால் கிராணியிடம் போய் நிற்கலாம். அவர் காது கொடுக்காவிட்டால் மானேஜர் இருக்கிறார்.

தோட்டத்தை விட்டுத் தாமானுக்குக் குடிவந்தவர்களுக்கு அந்த வழி இல்லை. வாசலில் பை நாறுகிறது, லோரியைக் காணோம். நகராண்மைக் கழகத்தைக் கேட்பதா, குத்தகைக் கம்பெனியைக் கேட்பதா?

குப்பை அள்ளும் அதிகாரத்தை 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டம் ஊராட்சி மன்றங்களுக்குக் கொடுத்திருந்தது. 1997இல் தனியார் கம்பெனிகள் உள்ளே வந்தன. 2007இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய 672ஆம் சட்டம் 2011 செப்டம்பர் 1ஆம் தேதி அமலுக்கு வந்தபோது, அதை ஏற்ற மாநிலங்களில் பொறுப்பு கூட்டரசின் கைக்குப் போயிற்று. மூன்று கம்பெனிகளுக்கு 22 ஆண்டுக் குத்தகை: கெடா, பெர்லிசுக்கு ஒன்று, கோலாலம்பூர், புத்ராஜெயா, பகாங்குக்கு ஒன்று, நெகிரி செம்பிலான், மலாக்கா, ஜொகூருக்கு ஒன்று. சிலாங்கூர், பினாங்கு, பேராக் மாநிலங்கள் அப்போது சேரவில்லை.

ஒரே தெருவுக்கு இரண்டு கம்பெனிகளை விட்டால் போட்டி போட்டுக்கொண்டு நன்றாக அள்ள மாட்டார்களா என்று நீங்கள் கேட்கலாம். காய்கறி விற்கிறவர்களுக்கு அது சரி. குப்பைக்கு இரண்டு லோரி ஓடினால் எண்ணெய்யும் ஆள்கூலியும் இரட்டிப்பாகும். அதையும் நாம்தான் கட்ட வேண்டும். ஆகவே போட்டி நடக்க வேண்டிய இடம் தெரு அல்ல, டெண்டர். சிங்கப்பூர் அப்படித்தான் செய்தது. தீவை வட்டாரங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் சில ஆண்டுகளுக்கு மட்டும் டெண்டரில் விட்டது. தவணை முடிந்தால் மறுபடி போட்டி.

நம் குத்தகையோ 22 ஆண்டு. லோரி முதலில் வந்த நாளில் பிறந்த பிள்ளைக்கு மாப்பிள்ளை பார்க்கும் வயது வந்துவிடும்! புதிய லோரிகளின் முதலை எடுக்க நாளாகும் என்று கம்பெனிகள் சொல்வதிலும் நியாயம் உண்டு. ஆனால் அவ்வளவு நாளா என்பதே என் கேள்வி.

சிலாங்கூர் வேறு வழியில் போனது. 2011 அக்டோபரில் பெரிய கம்பெனியை நிறுத்தி, ஊராட்சி மன்றங்களே சிறு குத்தகையாளர்களை அமர்த்தின. 2016 முதல் மாநில அரசின் சொந்தக் கம்பெனி ஒன்றே படிப்படியாக வேலையை ஏற்றது. சுற்றிச் சுற்றி மீண்டும் ஒரே கைக்குத்தான் வந்தது.

இதில் நம் குரல் எங்கே? ஊராட்சி மன்றத் தேர்தல் 1965இல் நிறுத்தப்பட்டது. அதன் பிறகு கவுன்சிலர்களை மாநில அரசுதான் நியமிக்கிறது. வரி கட்டுகிறவருக்கு அந்த மன்றத்தில் ஓட்டு இல்லை. அதே நேரம், 672ஆம் சட்டம் நடக்கும் மாநிலங்களில், குப்பையைப் பிரிக்காத வீட்டுக்காரருக்கு 2016 ஜூன் 1 முதல் 50 வெள்ளியில் தொடங்கும் அபராதம் உண்டு.

மிஞ்சியிருப்பது புகார்தான், அதை எழுத்தில் கொடுங்கள். அந்த மாநிலங்களில் வாரம் இரு முறை வீட்டுக் குப்பையும் ஒரு முறை மறுபயனீட்டுப் பொருளும் எடுக்க வேண்டும் என்பது ஏற்பாடு. வராத நாளை நாட்காட்டியில் வட்டமிடுங்கள். வீட்டு எண், தெருப் பெயர், தேதி மூன்றையும் எழுதி, அங்கே திடக்கழிவுக் கழகத்துக்கும், மற்ற மாநிலங்களில் ஊராட்சி மன்றத்துக்கும் அனுப்புங்கள். நகல் ஒன்றை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். நான்கு வீட்டார் சேர்ந்து கையெழுத்திட்டால் இன்னும் நல்லது.