இனிப்பு விருந்தும் தண்ணீர்க் கணக்கும்

இருபது பேருக்கு முழுச் சாப்பாடு போட்டுவிடலாம். இருபது பேரைக் கூப்பிட்டு இனிப்பு மட்டும் போடுவதுதான் சிரமம். சாம்பார் சொதப்பினால் ரசம் காப்பாற்றிவிடும். இனிப்பில் அந்தச் சலுகை கிடையாது. மைசூர்பாகு கல்லாகும், கேசரி இறுகும், பாயசம் திரியும். மூன்றாவது இனிப்புக்கு வருவதற்குள் விருந்தாளிக்குத் திகட்டிவிடும். பிறந்தநாளோ, தீபாவளிக்கு மறுநாள் சொந்தபந்தங்கள் கூடும் மாலையோ, இப்படியொரு விருந்துக்குத் திட்டமிடுபவர்கள் முதலில் சமையல் குறிப்பைத்தான் தேடுவார்கள். நான் முதலில் பார்க்கச் சொல்வது தண்ணீரை. எந்தப் பண்டத்தில் எவ்வளவு தண்ணீர் மிஞ்சியிருக்கிறது என்று தெரிந்துவிட்டால், எதை எந்த நாள் செய்வது, எங்கே வைப்பது என்பதெல்லாம் வரிசைக்கு வந்துவிடும்.

பாக்டீரியாவுக்கும் பூஞ்சைக்கும் பெருகுவதற்குத் தண்ணீர் வேண்டும். பண்டத்தில் உள்ள தண்ணீர் அவ்வளவும் அவற்றின் கைக்கு வருவதில்லை. சர்க்கரை தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டது போக மிச்சம்தான். அந்த மிச்சத்தைச் சொல்லும் எண்ணுக்கு ‘நீர்ச் செயல்பாடு’ என்று பெயர். உணவு கெடுவதை இந்த எண்ணோடு சேர்த்துப் பார்க்கும் வழக்கத்துக்கு 1950களில் அடித்தளம் போட்டவர் ஆஸ்திரேலிய நுண்ணுயிரியலாளர் டபிள்யூ. ஜே. ஸ்காட். சுத்தமான தண்ணீருக்கு அந்த எண் 1. ஏறத்தாழ 0.91க்குக் கீழே பெரும்பாலான பாக்டீரியாக்கள் வளர்வதில்லை. 0.6க்குக் கீழே எந்த நுண்ணுயிரும் பெருகாது. இதற்கு மேல் கரையாது என்னும் அளவுக்குச் சர்க்கரையைக் கரைத்த பாகு 0.85 வாக்கில் நிற்கும். அதில் நூறு கிராமுக்கு 67 கிராம் சர்க்கரை. குலாப் ஜாமூன் ஊறும் பாகு அதைவிட நீர்த்தது. ‘பாகில்தானே கிடக்கிறது, கெடாது’ என்று அதை மூன்று நாள் மேஜைமேல் வைப்பது தவறு.

நம் வீட்டுப் பெரியவர்கள் இந்த எண்ணைக் கேள்விப்பட்டதில்லை. ஆனாலும் அளந்தார்கள், விரலால். பாகு கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஆவியாகிறது. சர்க்கரையின் விகிதம் ஏறுகிறது. கூடவே பாகின் கொதிநிலையும் ஏறுகிறது. 112 டிகிரி செல்சியஸில் கொதிக்கும் பாகில் ஐந்தில் நான்கு பங்கு சர்க்கரைதான். அங்கிருந்து 116 வரையில், ஒரு சொட்டைக் குளிர்ந்த தண்ணீரில் விட்டால் விரலுக்குள் மெத்தென்று உருளும். 150 டிகிரியை ஒட்டினால் தண்ணீர் மிகச் சொற்பமாகத்தான் இருக்கும்; அப்போது சொட்டு கண்ணாடிபோல் உடையும். கம்பிப் பதம், உருட்டுப் பதம், தட்டில் போட்டால் ‘டங்’ என்று சத்தம் வரும் பதம் என்று நாம் சொல்வதெல்லாம் இந்த ஏணியின் படிகள். வெல்லப்பாகில் மெத்தென்று உருளும் பதத்தில் நிறுத்தினால் அதிரசம், ‘டங்’ வரை போனால் கடலை மிட்டாய்.

வெப்பமானி இருந்தால் விரல் எதற்கு என்று கேட்கலாம். கொடைக்கானலில் தண்ணீரே 93 டிகிரியில் கொதித்துவிடுகிறது. சென்னையில் எழுதிய குறிப்பை வைத்துக்கொண்டு அங்கே 116 வரட்டும் என்று காத்திருந்தால் பாகு அதற்குள் முறுகிவிடும். விரல் சோதிப்பது வெப்பத்தை அல்ல, பாகின் இறுக்கத்தை. அது கடற்கரையிலும் மலையிலும் ஒன்றுதான். வெல்லத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு: அதில் சுக்ரோஸோடு குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் கலந்திருக்கும்; அந்தக் கலவை வெல்லத்துக்கு வெல்லம் மாறும். ஆகவே வெல்லப்பாகுக்கு நான் விரலையே நம்புவேன். பாகைத் தண்ணீரில் விட்ட பிறகுதான் தொட வேண்டும் என்பதை மட்டும் மறக்காதீர்கள். சர்க்கரைப்பாகு சுட்டால் கொதிநீரைவிட மோசமாகச் சுடும்.

தண்ணீர் குறைந்த பண்டங்களைத்தான் விருந்துக்கு நான்கைந்து நாள் முன்பே முடித்துவைக்க வேண்டும். மைசூர்பாகு, கடலை மிட்டாய், பொருவிளங்காய் உருண்டை எல்லாம் இந்த வகை. மைசூர்பாகில் சூடான நெய்யைக் கரண்டி கரண்டியாக ஊற்றும்போது ‘புஸ்’ஸென்று பொங்குகிறதே, அது பாகில் மிஞ்சிய தண்ணீர் ஆவியாகி வெளியேறுவது. அந்த ஆவி விட்டுச்சென்ற வழிகள்தான் துண்டில் தெரியும் துளைகள். நெய் ஆறிப்போயிருந்தால் ஆவியும் இல்லை, துளையும் இல்லை.

இவற்றுக்கு எதிரி வெளிக்காற்றின் ஈரம். தீபாவளி வருவதோ வடகிழக்குப் பருவமழைக் காலத்தில். முறுகிய பாகு காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுக்கும். குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் இருப்பதால் வெல்லப் பண்டம் இன்னும் வேகமாக இளகும். நன்றாக ஆறவிட்டு, இறுக்கமான மூடியுள்ள டப்பாவில் போடுங்கள். சூட்டோடு மூடினால் அதன் ஆவியே மூடியில் வியர்த்து மேலே சொட்டும்.

முந்தின நாளுக்கு உரியவை லட்டும் குலாப் ஜாமூனும். ஜாமூனை ஒரு நாள் முன்பே செய்வதற்குக் காரணம், பாகு உருண்டையின் நடுவரை ஊடுருவ நேரம் பிடிக்கும். பாகு மிகக் கெட்டியாக இருந்தால் அது உள்ளே போவதற்குப் பதில், உருண்டைக்குள் இருக்கும் தண்ணீரை வெளியே இழுத்துச் சுருக்கிவிடும். இளம்பாகு, இளஞ்சூடு, நான்கைந்து மணி நேரம்; பிறகு குளிர்சாதனப் பெட்டி.

அதே பெட்டிக்குள் கேசரியை மட்டும் வைக்காதீர்கள். ரவையை வேகவைக்கும்போது அதன் மாவுச்சத்து தண்ணீரைக் குடித்து உப்பி நெகிழ்கிறது. ஆறியதும் மாவுச்சத்தின் மூலக்கூறுச் சங்கிலிகள் மறுபடி ஒன்றோடொன்று சேர்ந்து இறுகத் தொடங்கும். இது மிக விரைவாக நடப்பது உறைநிலைக்குச் சற்று மேலே, அதாவது நம் பெட்டியின் வெப்பநிலையில். நெய்யும் சர்க்கரையும் இதைத் தாமதப்படுத்தும், தடுக்காது. கேசரி அன்றைக்கே கிண்ட வேண்டிய பண்டம்.

பாயசம், பாசந்தி, ரசமலாய் போன்ற பால் பண்டங்களில் தண்ணீர் தாராளம், நுண்ணுயிருக்குத் தீனியும் தாராளம். கடைசியில் செய்யுங்கள், சூடாகவோ குளிர்ச்சியாகவோ வையுங்கள், இரண்டுக்கும் நடுவில் விடாதீர்கள். இப்படிப்பட்ட உணவு அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக்கூடாது என்பது அமெரிக்க வேளாண் துறையின் விதி. 32 டிகிரிக்கு மேலான வெயிலில் அது ஒரு மணி நேரம்தான். நம் ஊர்க் கோடைக்கு இரண்டாவது கணக்கே பொருந்தும். பெரிய அண்டாவை வெளியே வைக்காமல் சிறு பாத்திரங்களில் பிரித்து, ஒன்று தீர்ந்தபின் அடுத்ததை எடுப்பது நல்லது.

சமைத்தது போதும், இனி நாக்கு. குளிர்ச்சி இனிப்பை மங்கவைக்கும். நாக்கில் இனிப்பை உணரும் செல்களில் உள்ள டிஆர்பிஎம்5 என்ற புரதம் குளிரில் மந்தமாகவும் சூட்டில் சுறுசுறுப்பாகவும் வேலை செய்கிறது. உருகிய ஐஸ்கிரீம் தாங்க முடியாமல் இனிப்பது இதனால்தான். குளிரவைத்துப் பரிமாறப்போகும் பாயசத்துக்குச் சர்க்கரை ஒரு கை கூடுதலாக வேண்டும். சூடாகக் கொடுப்பதென்றால் குறைத்துப் போடலாம்.

திகட்டலுக்கும் விளக்கம் உண்டு. ஒரே சுவையைத் தொடர்ந்து சாப்பிட்டால் அந்தச் சுவைமேல் மட்டும் நாட்டம் இறங்குகிறது, வயிற்றில் இடம் இருந்தாலும். அமெரிக்க ஆய்வாளர் பார்பரா ரோல்ஸ் 1980களின் தொடக்கத்தில் இதைச் சோதித்துக் காட்டினார். நாஞ்சில் நாட்டில் பாயசத்தில் அப்பளத்தை நொறுக்கிப் போட்டுக்கொள்பவர்களுக்கு இது புதுச் செய்தி இல்லை. நடுவில் ஒரு வாய் உப்பும் மொறுமொறுப்பும் வந்தால் அடுத்த வாய் மறுபடி இனிக்கும். எனவே மேஜையில் ஓமப்பொடி, காராபூந்தி, சுண்டல், சர்க்கரை போடாத சுக்குக் காபி அவசியம் வேண்டும். ஏழெட்டு வகை அடுக்குவது வீட்டுக்காரரின் பெருமைக்கு மட்டுமே உதவும். கெட்டியாக ஒன்று, பாகில் ஊறியது ஒன்று, பாலில் ஒன்று, பழம் கொஞ்சம். இதற்கு மேல் எந்த விருந்துக்கும் தேவையில்லை.

துண்டுகளைச் சின்னதாக, இரண்டு கடியில் முடிவதாகப் போடுங்கள். 2023இல் வெளியான ஐசிஎம்ஆர் ஆய்வின்படி இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய். வருகிற இருபது பேரில் இரண்டு மூன்று பேராவது அளந்து சாப்பிடுபவர்களாக இருப்பார்கள். அவர்களிடம் ‘ஒண்ணே ஒண்ணு’ என்று வற்புறுத்தாதீர்கள்.

கடைசியாக, கேளிக்கை வேண்டுமென்றால் நாட்டு மருந்துக் கடையில் சிறுகுறிஞ்சான் பொடி கிடைக்கும். ஒரு சிட்டிகையை நாக்கில் தடவி ஒரு நிமிடம் வைத்திருந்து கொப்பளித்துவிட்டுச் சர்க்கரையைப் போட்டால் மணலாகத் தெரியும். அதிலுள்ள ஜிம்னெமிக் அமிலங்கள் இனிப்பு உணர்விகளை அடைத்துக்கொள்வதே காரணம். உப்பும் புளிப்பும் வழக்கம்போலத் தெரியும். சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவர்கள் இந்த விளையாட்டில் சேர வேண்டாம். எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகே இதை வைத்துக்கொள்ளுங்கள்: அரை மணி நேரத்துக்கு உங்கள் பாயசம் யாருக்கும் இனிக்காது.